வன்னியில் லப்டொப் வாங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கங்களில் லப்டொப் வாங்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இவை. வேறு இடங்களில் எழுதப்படும் வழிகாட்டிகள் எங்கள் வெயிலையும் சோழகக் காற்றுப் புழுதியையும் ஐப்பசி இடி மின்னலையும் கணக்கில் எடுப்பதில்லை. இங்கே ஒரு லப்டொப் ஐந்து வருடம் உழைக்குமா, ஒன்றரை வருடத்தில் திருத்துகடைக்குப் போகுமா என்பதைப் பெரும்பாலும் அவைதான் தீர்மானிக்கின்றன.

கடைக்குள் போனவுடனேயே “எவ்வளவுக்குப் பார்க்கிறீர்கள்?” என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

தொகையைச் சொல்லாமல் வேலையைச் சொல்லுங்கள். தொகையை முதலில் சொன்னால், அந்தத் தொகைக்குக் கடையில் தேங்கி நிற்பதுதான் முதலில் மேசைக்கு வரும். “உயர்தரத்தில் ஐசிடி படிக்கும் பிள்ளைக்கு”, “கந்தோர் வேலைக்கு, வேர்டும் எக்செலும்தான்”, “கலியாண வீட்டு வீடியோ வெட்டுவதற்கு” என்று சொன்னால் பேச்சு சரியான இடத்தில் தொடங்கும்.

உயர்தர ஐசிடிக்குப் பைதன், தரவுத்தளம், இணையப்பக்கம் எல்லாம் வரும். இவற்றில் எதுவும் லப்டொப்பை வருத்துகிற வேலை இல்லை. ஆசிரியர்கள், அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், கடைக் கணக்கு வைப்பவர்கள், சூமில் வகுப்பு எடுப்பவர்கள் எல்லாருக்கும் நடுத்தரமான ஒன்று தாராளமாகப் போதும். உண்மையில் வலு தேவைப்படுபவர்கள் இரண்டு கூட்டம்: முப்பரிமாண வரைபடம் வரைபவர்கள், வீடியோ வெட்டுபவர்கள்.

ஐ3, ஐ5, ஐ7 இதில் எது நல்லது?

இவை இன்டெல் கொம்பனியின் புரொசெசர் வகைகள்; புரொசெசர் என்பது லப்டொப்பின் மூளையான சிப். இந்த எழுத்தை மட்டும் பார்த்து வாங்குவதால்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஐ7 என்ற ஒட்டியோடு விற்பனைக்கு நிற்கும் ஐ7-7500யு 2 கோர் (சிப்புக்குள் வேலை செய்யும் தனிப் பகுதி) மட்டுமே கொண்ட பழைய சிப். ஐ3-1215யு என்பதில் 6 கோர் உண்டு; அந்த ஐ7-ஐ விட நன்றாகவே வேகமானது. ஆகவே கோட்டுக்குப் பின்னால் வரும் இலக்கத்தைப் பாருங்கள். 7500 என்றால் 7ஆம் தலைமுறை, 8250 என்றால் 8ஆம் தலைமுறை, 1135 என்றால் 11ஆம் தலைமுறை, 1235 என்றால் 12ஆம் தலைமுறை. கடைசியில் வரும் ‘யு’ குறைந்த மின்சாரத்தில் ஓடுவது. ‘எச்’ வேகமானது, ஆனால் சூடும் விசிறிச் சத்தமும் கூட. 2023 கடைசியிலிருந்து இன்டெல் ‘ஐ’ எழுத்தை விட்டுவிட்டு கோர் 3, கோர் 5, கோர் அல்ட்ரா என்று பெயர் வைக்கத் தொடங்கியது. அவை எல்லாம் புதியவை என்பதால் பயப்படத் தேவையில்லை.

இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டி கொம்பனியின் சிப்களில் வேறொரு பொறி இருக்கிறது. ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு இரண்டும் ஒரே விலைக்குக் கிட்ட வரும். ஏஎம்டியின் இந்தக் கணக்கில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்வது. 7520யு-வில் அது 2. அதாவது 2019இல் வந்த சென் 2 வடிவமைப்பு, 4 கோர். 7530யு-வில் அது 3, 6 கோர். முதலாவதில் ராம் (வேலை நடக்கும்போது பாவிக்கும் நினைவகம்) பலகையோடு ஒட்டப்பட்டே வரும், பிறகு கூட்ட முடியாது. ஒரு இலக்கத்தில் இவ்வளவு வித்தியாசம்.

செலரோன் என்4020 போன்ற 2 கோர் சிப் உள்ளதைப் புதிதாக இருந்தாலும் வாங்காதீர்கள். என்100, என்200 அதைவிட எவ்வளவோ மேல். எழுத்து வேலைக்கும் காணொளி பார்ப்பதற்கும் சமாளிக்கும், விசிறி இல்லாமல் வரும் மாடல்களில் புழுதிப் பிரச்சினையும் இல்லை. சின்ன வகுப்புப் பிள்ளைக்கு அது சரி. கம்பஸ் போகிற பிள்ளைக்கு அல்ல.

ராம் 8 ஜிபி போதுமா, 16 போட வேண்டுமா?

இன்றைக்கு 8 ஜிபி என்பது குறைந்தபட்சம். விண்டோஸ் 11 தானே 3 முதல் 4 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். குரோமில் பத்துப் பக்கம், பக்கத்தில் சூம், பின்னால் வேர்ட் திறந்தால் மீதியும் முடிந்துவிடும். 4 ஜிபி உள்ள புதிய லப்டொப் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

எவ்வளவு என்பதைவிட, பிறகு கூட்ட முடியுமா என்பதே முக்கியமான கேள்வி. கடையில் இப்படிக் கேளுங்கள்: “ராம் சொக்கற்றில் இருக்கா, போர்ட்டில் ஒட்டினதா? ஒரு சொக்கற் சும்மா இருக்கா?” 8 ஜிபி ஒட்டியும் ஒரு சொக்கற் வெறுமையாகவும் இருந்தால் நல்லது, இரண்டு வருடத்தில் இன்னொரு 8 போட்டுக்கொள்ளலாம். முழுவதும் ஒட்டியதென்றால் வாங்கும்போதே 16 ஆக வாங்குங்கள். பதில் தெரியாது என்று கடைக்காரர் சொன்னால், மாடல் இலக்கத்தை உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் போட்டு விவரத் தாளைப் பாருங்கள். பெட்டியில் உள்ள முழு இலக்கத்தையும் போட வேண்டும். ஒரே பெயரில் பத்து வகை வரும்.

சேமிப்பு எந்த வகை?

எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத சேமிப்பு மட்டும். அதிலும் வேகமான என்விஎம்ஈ வகை. பழைய சுழலும் ஹாட் டிஸ்க் உள்ளதை இனி வாங்கக் காரணமே இல்லை. மோட்டார் சைக்கிளில் பையோடு குலுங்கிப் போகும் பிள்ளைக்கு அது மிக விரைவில் பழுதாகும். ஈஎம்எம்சி என்று எழுதியிருந்தால் அது பலகையில் ஒட்டிய மெதுவான சேமிப்பு, மாற்ற முடியாது. 256 ஜிபி எழுத்து வேலைக்குப் போதும்; 512 இருந்தால் நிம்மதி. 1 டெராபைட்டுக்குக் கூடக் காசு கொடுப்பதைவிட அந்தக் காசை ராமிலோ திரையிலோ போடுவது நல்லது.

திரையில் எதைப் பார்க்க வேண்டும்?

1366 × 768 வேண்டாம். 1920 × 1080 அல்லது மேல். ‘ஐபிஎஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் திரையைச் சற்றுச் சரித்துப் பாருங்கள். நிறம் மாறி, முகம் நெகடிவ் மாதிரித் தெரிந்தால் அது டிஎன் வகை. வெளிச்சம் நிட்ஸ் என்ற அளவில் வரும். 250 நிட்ஸ் அறைக்குள் சரி. விறாந்தையில் பகல் நேரம் இருந்து வேலை செய்தால் கண்ணைச் சுருக்க வேண்டி வரும். 300 அல்லது மேல் கிடைத்தால் எடுங்கள். பளபளப்பான கண்ணாடித் திரை கடை வெளிச்சத்தில் அழகு; எங்கள் வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் உங்கள் முகம்தான் அதில் தெரியும்.

எங்கள் வெயிலுக்கு லப்டொப் தாங்குமா?

பெரும்பாலான லப்டொப்களுக்கு உற்பத்தியாளர் சொல்லும் அறை வெப்பநிலை எல்லை 35 பாகை செல்சியஸ். சித்திரையிலிருந்து ஆவணி வரை தகரம் அல்லது அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே மதியம் அந்த எல்லை தாண்டுவது சாதாரணம். தாண்டினால் உடனே பழுதாகாது. புரொசெசர் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கும், விசிறி ஓயாமல் சுற்றும், பற்றரியின் ஆயுள் மெல்ல மெல்லக் குறையும். ‘காலையில் நன்றாக ஓடுது, பின்னேரம் இழுக்குது’ என்று சொல்வதன் காரணம் பெரும்பாலும் இதுதான், வைரஸ் இல்லை.

வாங்கும்போது லப்டொப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். காற்று உள்ளே போகும் துளைகள் அகலமாக இருக்க வேண்டும். ரப்பர் கால்கள் உயரமாக இருக்க வேண்டும். சூடான காற்று எந்தப் பக்கத்தால் வெளியேறுகிறது என்றும் பாருங்கள். மிக மெல்லிய உடலுக்குள் எச் வகைச் சிப் போட்டதை இங்கே பரிந்துரைக்க மாட்டோம்.

பாவிக்கும்போது மெத்தையிலும் பாயிலும் வைக்காதீர்கள். துளை அடைபட்டுப் போகும். பின்பக்கத்தை 2 சென்ரிமீற்றர் உயர்த்தினாலே வித்தியாசம் தெரியும். கிரவல் வீதியோர வீடென்றால் வருடம் ஒருமுறை அடிமூடியைத் திறந்து விசிறியையும் அதன் முன்னாலுள்ள செம்புத் தகட்டுச் சல்லடையையும் துப்புரவாக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். விசிறிக்கும் சல்லடைக்கும் நடுவில் சிவப்புப் புழுதி துணி மாதிரிப் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது, இன்னும் உள்ளே இறுகும். இரண்டு மூன்று வருடத்தில், சிப்பின் சூட்டைக் கடத்தும் வெப்பப் பசையையும் மாற்ற வேண்டும்.

கரண்ட் போய் வருவதால் லப்டொப் பழுதாகுமா? ஸ்டெபிலைசர் வேண்டுமா?

ஸ்டெபிலைசர் தேவையில்லை. சாஜரின் அடியில் ‘100–240’ என்று இருக்கும். வோல்ற்றளவு 180க்கு இறங்கினாலும் அதற்குக் கவலை இல்லை. அதனால் சின்ன ஜெனரேட்டரிலும் ஓடும். ஆபத்து குறைந்த வோல்ற்றளவில் இல்லை. கரண்ட் திரும்பி வரும் கணத்தில் பாயும் உயர் வோல்ற்றளவிலும் மின்னலிலும்தான் இருக்கிறது.

கரண்ட் போனால் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் பற்றரியில் ஓடவிடுங்கள். வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். மின்னல் நேரத்தில் சுவிட்சை அணைப்பது போதாது. சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீற்றர்தான், மின்னல் அதைத் தாண்டும். பிளக்கைக் கழற்றுங்கள். ரவுட்டரிலிருந்து வரும் நெட்வேர்க் வயர் குத்தியிருந்தால் அதையும் கழற்றுங்கள். செம்புத் தொலைபேசிக் கம்பியால் வரும் இணைப்பு என்றால் அந்த வழியாகவும் மின்னல் உள்ளே வரும். பைபர் கம்பி மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அந்த ரவுட்டரும் சொக்கற்றில்தானே குத்தியிருக்கிறது.

மின்னல் தடுப்பு உள்ள எக்ஸ்ரென்சன் நல்லதுதான். ஆனால் அது மிகையான மின்னை நிலத்துக்கு அனுப்பித்தான் வேலை செய்கிறது. வீட்டில் ஏர்த் சரியில்லை என்றால் அந்தக் காசு பாதி வீண். எத்தனை அடி வாங்குகிறதோ அத்தனைக்குத் தேயும் என்பதால், அதன் பாதுகாப்பு விளக்கு அணைந்துவிட்டால் மாற்ற வேண்டும்.

இன்னொன்றை முன்பே யோசியுங்கள். கரண்ட் போனால் லப்டொப் ஓடும், ரவுட்டர் நிற்கும். இணைய வகுப்போ வேலையோ உள்ளவர்கள் ரவுட்டருக்கு ஒரு சின்ன டிசி யூபிஎஸ் (கரண்ட் போனாலும் அதை ஓடவைக்கும் பற்றரிப் பெட்டி) வாங்கலாம். ரவுட்டரின் சாஜரில் 12 வோல்ற் என்று இருக்கிறதா, 9 என்று இருக்கிறதா, அம்பியர் எவ்வளவு என்று பார்த்து அதே அளவுக்கு வாங்குங்கள்.

லப்டொப்பைத் தொட்டால் கரண்ட் கிள்ளுகிறது. பழுதா?

உலோக உடல் உள்ளவற்றில் இது அடிக்கடி வரும். சாஜருக்குள் இரைச்சலைக் குறைக்க வைத்த சின்னக் கொண்டென்சர்கள் மிகச் சிறிதளவு மின்னைக் கசியவிடும்; அது ஏர்த் வழியாக இறங்கிவிட வேண்டும். ஏர்த் இல்லையென்றால் உங்கள் கை வழியாக இறங்கும். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் மாற்றியில் போட்டிருக்கிறீர்களா பாருங்கள். இல்லையென்றால் வீட்டு ஏர்த்தைப் பார்க்க வேண்டும். கோடையில் மண் காய்ந்தால் ஏர்த் கம்பி நிலத்தோடு நல்ல தொடர்பு இல்லாமல் போகும். கிள்ளுவதோடு நின்றால் ஆபத்துக் குறைவு. உதறித் தள்ளுகிற மாதிரி அடித்தால் சாஜரைக் கழற்றிவிட்டு மின்சாரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

பற்றரி 10 மணித்தியாலம் நிற்கும் என்கிறார்கள். நம்பலாமா?

பற்றரி கொள்ளும் மின்சாரத்தின் அளவான வாற்-மணி எவ்வளவு என்று கேளுங்கள். 42 வாற்-மணி பற்றரி உள்ள லப்டொப், எழுத்து வேலையில் 8 வாற் எடுத்தால் 5 மணித்தியாலத்துக்குச் சற்று மேல் நிற்கும். சூமில் அது மூன்றரைக்கு இறங்கும். 10 மணித்தியாலம் என்பது வெளிச்சத்தைக் குறைத்து, வைபையை அணைத்து அளந்த கணக்கு. 50 வாற்-மணிக்கு மேல் கிடைத்தால் நல்லது.

எப்போதும் சாஜரில் குத்தியே பாவிப்பவர்கள் 80 சதவீதத்தோடு சாஜ் நிற்கும்படி வைக்கலாம். லெனோவோவில் வான்டேஜ், அசூசில் மைஅசூஸ், எச்பி, டெல்லில் பயொஸ் அமைப்பு (விண்டோஸ் தொடங்க முன் திறக்கும் அமைப்புத் திரை) என்று ஒவ்வொன்றிலும் அதற்கு இடம் உண்டு. சூடான ஊரில் 100 சதவீதத்தில் கிடக்கும் பற்றரி விரைவாகக் கெடும். கரண்ட் அடிக்கடி போகிற இடத்தில் அந்த 20 சதவீதம் தேவை என்றால், மாரி காலத்தில் மட்டும் 100க்கு மாற்றிக்கொள்ளுங்கள். டச்பாட் மேலே எழும்புவது, அடிமூடி வீங்குவது தெரிந்தால் பற்றரி ஊதிவிட்டது. சாஜரைக் கழற்றி, அணைத்து, அழுத்தாமல் குத்தாமல் திருத்துபவரிடம் கொண்டுபோங்கள்.

பாவித்த லப்டொப் வாங்கலாமா?

வாங்கலாம். கொம்பனிகள் பாவித்து விட்ட திங்க்பாட், லாட்டிடியூட், எலீட்புக் வகைகள், மலிவான புதிய லப்டொப்பைவிட உறுதியானவை; கீபோட் நல்லது, உதிரிப்பாகம் கிடைக்கும், ராமும் எஸ்எஸ்டியும் மாற்றலாம். ஆனால் ஒரு கோடு உண்டு: 8ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கும். திங்க்பாட் டி480, எலீட்புக் 840 ஜி5 என்ற அளவில் தேடுங்கள். டி470, 840 ஜி3 மலிவு, ஆனால் கோட்டுக்குக் கீழே. “விண்டோஸ் 11 போட்டுத் தந்திருக்கு” என்று 6ஆம் தலைமுறையைக் காட்டுவார்கள். தடையைச் சுற்றிப்போய்ப் போட்டது அது. பெரிய புதுப்பிப்பு வரும்போது நின்றுவிடலாம்.

பார்க்கும் முறை இது. அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

அணைந்த நிலையிலிருந்து உங்கள் கண்முன் போடச் சொல்லுங்கள். பயொஸுக்குள் போய்ப் பாருங்கள். கடவுச்சொல் கேட்டால், விற்பவருக்கு அது தெரியாவிட்டால், வாங்காதீர்கள். பிறகு டாஸ்க் மனேஜரில் சிப்பின் முழுப் பெயரையும் ராம் அளவையும் பாருங்கள்.

பற்றரிக்குக் கமாண்ட் புரொம்ட்டைத் திறந்து, ‘பவர்சிஎஃப்ஜி’ என்பதை ஒரே சொல்லாக ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரு இடைவெளி, ஒரு முன்சாய்கோடு, அதை ஒட்டி ‘பற்றரிரிப்போர்ட்’ என்று ஒரே சொல்லாக அடியுங்கள். ஓர் அறிக்கை உருவாகி, சேமித்த இடத்தையும் காட்டும். அதில் வடிவமைப்புக் கொள்ளளவு, முழுச் சாஜ் கொள்ளளவு என்று இரண்டு எண் வரும். 50,000க்கு 31,000 என்றால் பற்றரி 62 சதவீதம். அறுபதுக்குக் கீழே என்றால் புதிய பற்றரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். எஸ்எஸ்டிக்குக் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். ஆரோக்கியம் எத்தனை சதவீதம், எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று காட்டும்.

அதன்பிறகு கையால் பார்க்க வேண்டியவை. ஒரு வெறும் கோப்பைத் திறந்து கீபோட்டின் எல்லா விசையையும் ஒவ்வொன்றாக அடியுங்கள். ஒவ்வொரு யுஎஸ்பி துவாரத்திலும் பென்டிரைவைக் குத்துங்கள். கமெரா, மைக், வைபை பாருங்கள். திரையை முழு வெள்ளையாகவும் முழுக் கறுப்பாகவும் வைத்துப் புள்ளி, கறை தேடுங்கள். மூடியைப் பாதி திறந்து விடுங்கள். தானாக விழுந்தால் கீல் தளர்ந்துவிட்டது, மூலையில் பிளவு இருந்தால் அது கூடிக்கொண்டே போகும். கடைசியாகப் பத்து நிமிடம் வீடியோ ஓடவிட்டு விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள்.

வெளிநாட்டுக் கொம்பனி லப்டொப்களில் இன்னொரு பூட்டு உண்டு. அந்தக் கொம்பனியின் கணக்கில் பதிந்தபடியே விற்றிருப்பார்கள். இப்போது ஓடும், நாளைக்கு ரீசெற் செய்து இணையத்தோடு இணைத்தால் ஏதோ ஒரு கொம்பனியின் பெயரைக் காட்டி அதன் மின்னஞ்சலால் நுழையச் சொல்லும். காசு கொடுக்க முன் இணையத்தோடு இணைத்து ரீசெற் செய்து காட்டச் சொல்லுங்கள். மக்புக் என்றால் பழைய உரிமையாளரின் அப்பிள் கணக்கு கழற்றப்பட்டிருக்க வேண்டும்.

கனடாவிலிருந்து லப்டொப் அனுப்புகிறேன் என்கிறார் சித்தப்பா. என்ன சொல்லி விடுவது?

முதலில் கீபோட். ஜேர்மனி, சுவிஸ் கீபோட்டில் ‘இசட்’டும் ‘வை’யும் இடம் மாறியிருக்கும். பிரான்ஸ் கீபோட்டில் எழுத்துகளே வேறு ஒழுங்கு. இலக்கம் அடிக்க ஷிஃப்ட் பிடிக்க வேண்டும். கனடாவில் பிரெஞ்சு கலந்த கீபோட்டும் விற்கிறார்கள். விண்டோஸில் அமெரிக்க அமைப்புக்கு மாற்றலாம், ஆனால் விசையில் அச்சடித்ததும் திரையில் வருவதும் பொருந்தாது. தட்டச்சுப் பழகும் பிள்ளைக்கு அது பெரிய வில்லங்கம். இங்கிலாந்துக் கீபோட் பரவாயில்லை. இரண்டு மூன்று குறிகள்தான் இடம் மாறும்.

இரண்டாவது, ‘குரோம்புக்’ வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெளிநாட்டில் மலிவாகப் போடுவார்கள். விண்டோஸ் மென்பொருள் எதுவும் அதில் போட முடியாது, புதுப்பிப்பும் ஒரு திகதியோடு முடிந்துவிடும். மூன்றாவது, உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா என்று வாங்க முன் மாடல் இலக்கத்தை வைத்து விசாரிக்கச் சொல்லுங்கள். பல மாடல்களுக்கு விற்ற நாட்டில் மட்டும்தான் செல்லும்.

சாஜர் பிரச்சினை இல்லை; அங்கே 120 வோல்ற்றாக இருந்தாலும் சாஜர் 240 வரை ஏற்கும். பிளக்தான் மாற வேண்டும். இங்கே பலர் 13 அம்பியர் சொக்கற்றின் மேல் துவாரத்தைப் பேனையால் குத்தித் திறந்து, இரண்டு முள் பிளக்கைச் செருகிவிடுகிறார்கள். முள் இறுக்கமாகப் பிடிக்காமல் பொறி பறக்கும், சொக்கற் கருகும், ஏர்த்தும் கிடைக்காது. சாஜரின் பெட்டியிலிருந்து சுவருக்குப் போகும் வயர் தனியாகக் கழரும். அதே தலை உள்ள, 13 அம்பியர் பிளக் பொருத்திய வயர் ஒன்றை வாங்கி மாற்றுங்கள்; பிளக்குக்குள் 3 அம்பியர் பியூஸ் போதும்.

விண்டோஸ் இல்லாமல் மலிவாகத் தருகிறார்கள். எடுக்கலாமா?

லினக்ஸ் பழக்கம் உள்ளவர்கள் எடுக்கலாம். மற்றவர்களுக்குக் கடையில் திருட்டு விண்டோஸ் போட்டுத் தருவார்கள். அதை உடைக்கும் கருவிகளோடு பாஸ்வேட் திருடும் மென்பொருள் வருவது வழமை. வங்கிக் கணக்கு பார்க்கிற லப்டொப்பில் அது வேண்டாம். வேர்ட், எக்செலுக்குக் காசு இல்லையென்றால் லிப்ரேஒஃபிஸ் இலவசம். புதிய மலிவு மாடலில் ‘எஸ் மோட்’ என்று இருந்தால் மைக்ரோசொஃப்ட் ஸ்டோரில் இலவசமாக வெளியேறலாம். திரும்பப் போக முடியாது, போகவும் தேவையில்லை.

தமிழ் அடிக்க ஏதாவது தனியாகப் பார்க்க வேண்டுமா?

இல்லை. விண்டோஸ் 11இல் தமிழ் விசைப்பலகைகள் உள்ளேயே இருக்கின்றன. கந்தோர்களில் இன்னும் பாமினி எழுத்துருவில் கோப்புகள் கிடக்கும். எழுத்துருவை நிறுவினால் எந்த லப்டொப்பிலும் திறக்கும்.

அறிவியல் நகரில் பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைக்கு எது?

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. பொறியியல் பிள்ளைக்கு மட்லாப், ஓட்டோகாட், சொலிட்வேர்க்ஸ் போன்றவை தேவைப்படும். சொலிட்வேர்க்ஸ் விண்டோஸில் மட்டும் ஓடும். எனவே மக்புக் வாங்கிக் கொடுத்துப் பிள்ளையை அந்தரிக்க விடாதீர்கள். ஐ5 அல்லது ரைசன் 5, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி போதும். தனிக் கிராபிக்ஸ் சிப் இருந்தால் நல்லது, ஆனால் முதல் வருடத்துக்கு அவசியமில்லை. கேமிங் லப்டொப்பின் சாஜர் 150 வாற்றுக்கு மேல், அதன் எடையும் சேர்த்து ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் சுமக்க வேண்டும்; பற்றரியும் சீக்கிரம் இறங்கும்.

வவுனியா பல்கலைக்கழகத்தில் வர்த்தகமோ முகாமைத்துவமோ படிப்பவருக்கு 8 ஜிபி, ஒரு வெறும் சொக்கற், நல்ல திரை. தகவல் தொழில்நுட்பம் படிப்பவர் 16 எடுக்கட்டும்.

உள்ளூரில் வாங்குவதா, கொழும்பில் வாங்குவதா?

கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். விலையில் சில ஆயிரம் ரூபா குறையலாம். பழுதானால் ஒருமுறை பஸ்ஸில் போய்வரும் செலவும் ஒரு நாள் சம்பளமும் அந்த இலாபத்தைத் தின்றுவிடும். உள்ளூர்க் கடை உங்கள் லப்டொப்பைத் தாங்களே ஏஜென்டுக்கு அனுப்பி எடுத்துத் தருமா என்று கேட்டு, ஆமென்றால் சற்றுக் கூடிய விலை கொடுப்பது நியாயம். ‘கொம்பனி வாரண்டி’யா ‘கடை வாரண்டி’யா என்று பிரித்துக் கேளுங்கள். கடை வாரண்டி கடை இருக்கும் வரைதான்.

வாரண்டி அட்டையைக் காசு கொடுக்க முன் படியுங்கள். சிலவற்றில் ஒரு வருடம் என்பது 350 நாள் என்று சின்ன எழுத்தில் இருக்கும். மின்னல், கருகல் அடையாளம், துரு, தண்ணீர், எறும்பு என்று விலக்கியவற்றின் பட்டியல் வரும். எறும்பு என்பது விளையாட்டில்லை. பிஸ்கட் தூள் விழுந்த கீபோட்டுக்குள் கூடு கட்டிப் பலகையைச் சோட் ஆக்கிவிடும். பற்றரிக்கும் சாஜருக்கும் தனியாகக் குறைந்த காலம் எழுதியிருப்பார்கள்.

தவணை முறையில் எடுக்கலாமா?

மாதக் கட்டணத்தை மாத எண்ணிக்கையால் பெருக்கி, முற்பணத்தைக் கூட்டி, அதே மாடலின் கைக்காசு விலையோடு ஒப்பிடுங்கள். கடனட்டை உள்ளவர்களுக்கு வட்டியில்லாத் தவணை கிடைக்கும்போது கையாளும் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். தவணைக் கடைகளில் பழைய மாடல்தான் அதிகம். மேலே சொன்ன சிப் இலக்கத்தைப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

கடையில் பெட்டி திறக்கும்போது எதைச் சரிபார்ப்பது?

பெட்டியில் உள்ள தொடர் இலக்கம், லப்டொப்பின் அடியில் உள்ளது, பற்றுச்சீட்டில் எழுதியது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். உற்பத்தியாளரின் தளத்தில் அந்த இலக்கத்தைப் போட்டு வாரண்டி எந்தத் திகதியில் தொடங்கியது என்று பாருங்கள். ஆறு மாதம் முன்பே தொடங்கியிருந்தால் கேள்வி கேளுங்கள். எஸ்எஸ்டி ஓடிய மணித்தியாலம் ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். ராம் கூட்டித் தந்தால் அதற்கும் தனி வாரண்டி எழுதி வாங்குங்கள். பஸ்ஸில் பார்சலாக வரவழைப்பதென்றால் உள்பெட்டியைப் பிரிக்காமல் இன்னொரு பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். திறக்கும்போது ஒட்டு நாடா வெட்டுவதிலிருந்து முதல் திரை வருவது வரை இடைவிடாமல் வீடியோ எடுங்கள்.

ஏமாற்றிவிட்டார்கள் என்றால் எங்கே போவது?

முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். வட்ஸ்அப் செய்தியும் ஆதாரம்தான். தீர்வு வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், தமிழில் பேசலாம், எழுத்திலும் அனுப்பலாம். நாள் கடத்தாமல் போங்கள். பற்றுச்சீட்டின் பிரதி, வாரண்டி அட்டை, தொடர் இலக்கத்தின் படம், கடையோடு பேசிய செய்திகள் நான்கையும் சேர்த்து வையுங்கள். பற்றுச்சீட்டில் ‘லப்டொப் 1’ என்று மட்டும் எழுதியிருந்தால் முறைப்பாடு அங்கேயே தளர்ந்துவிடும்; மாடல், சிப், ராம், எஸ்எஸ்டி, தொடர் இலக்கம், வாரண்டிக் காலம் அத்தனையும் அதில் எழுதச் சொல்லி, கடை முத்திரை வாங்கிய பிறகே காசைக் கொடுங்கள்.